அணைச்சுக் காட்டுங்க

வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் ஒன்றைப் பற்றவைத்துக் காட்டினார். நீல நிறத்தில், வட்டமாக, ஒரு சுடர்கூடச் சாயாமல் எரிந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. பைக்குள் கையை விட்டேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"அணைச்சுக் காட்டுங்க" என்றார் கடைக்காரரிடம்.

அவர் திருகை மூடினார். அணைந்தது.

"இன்னொருக்கா பத்த வச்சு அணைங்க. இப்ப அந்தப் பக்கத்து பர்னர."

இப்படியே கடையில் இருந்த அடுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கவைத்தார். ஒன்றில் திருகை மூடிய பிறகும் ஓரத்தில் ஒரு சின்னச் சுடர் தயங்கி நின்று, மனசில்லாமல் அணைந்தது. "இது வேணாம்" என்றார் உடனே. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க அடுப்பு வாங்க வந்தீகளா, அணைக்க வந்தீகளா?"

"பத்த வைக்க எல்லாத்துக்கும்தான் தெரியும். அணையுதான்னு பாக்கத்தான்யா கடைக்கு வர்றது."

விருதுநகரில் என் கணவர் வீட்டு மாடியில் அவர் வாடகைக்கு இருந்தார். பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. தெருவே டீச்சர் என்று கூப்பிட்டதால், அவருக்கென்று ஒரு பெயர் இருப்பதையே அவருக்கு வந்த தபாலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இராமநாதபுரம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அப்போது நாலு வயதாக இருந்த என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

அடக்கமானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். கேரம் ஆட்டத்தில் தோற்றால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சமையல் சுமார்தான், ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிப் போனாலும் கழுத்தில் விசில் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேல், தன் கைகளைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. "நாரணாபுரத்துல பெறந்து வளந்தவ நான். பாரு, ஒரு பொட்டுத் தீக்காயம் இருக்கா?" என்று, மற்றவர்கள் புது வளையலைக் காட்டுவதுபோல, முழங்கை வரை திருப்பித் திருப்பிக் காட்டுவார். பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில் வளர்ந்தவர் அப்படிக் காட்டும்போது, பார்க்கிறவர்கள் சிரிப்பதில்லை.

நான் அவருக்கு நேர் எதிர். எம்.எஸ்சி. கணிதம் முடித்தவள். கணக்கைப் போட்டுவிட்டு விடையைச் சரிபார்த்து, சரிபார்த்ததையும் சரிபார்க்கிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாப்பாவுக்கு நெற்றி சுட்டால் அவளைத் தொட்டுப் பார்ப்பேன், பிறகு என் நெற்றியைத் தொடுவேன், பிறகு அத்தையின் நெற்றியைத் தொடப் போவேன். "எனக்கு எதுக்குடி காய்ச்சல் பாக்க?" என்று அத்தை கையைத் தட்டிவிடுவார். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் நல்லவர்தான். ஆனால் நான் எதையாவது சொல்ல வாயைத் திறந்தாலே, "சரி, இன்னிக்கு எதுக்குப் பயம்?" என்றுதான் தொடங்குவார்.

பயப்படுகிறவள் நான். ஆனால் நிறுத்தத் தெரிந்தவர் டீச்சர். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குப் புரிய வெகுநாளாயிற்று.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், துணி எடுத்துக்கொண்டு சிவகாசியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். டீச்சர், நான், என் மடியில் பாப்பா. ஓட்டுநருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் ஒருவர் கட்டைப்பையை வைத்தார். வாய் திறந்திருந்த பைக்குள் சரவெடிப் பெட்டிகள். டீச்சர் எழுந்து போய்க் கண்டக்டரிடம் காட்டினார்.

"தீவாளி நேரத்துல சிவகாசி பஸ்ல வெடி இல்லாம வேறென்ன டீச்சர் இருக்கும்? உளுந்தம்பருப்பா?" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. பைக்காரர் மட்டும் பையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

"பைய எறக்குங்க. இல்லன்னா எங்கள எறக்குங்க."

"ஏம்மா, நேரமாகுதுல்ல? உக்காருங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டார். ஓட்டுநர் தன் கண்டக்டரின் விசில் என்று நினைத்தாரோ என்னவோ, பிரேக்கைப் போட்டார். திருத்தங்கல் தாண்டி, மருந்துக்குக்கூட நிழல் இல்லாத இடத்தில் இறங்கி நின்றோம். பாப்பா அழுதாள். அடுத்த பஸ் வருவதற்குள் துணிப்பையைக் குடையாகப் பிடித்துப் பிடித்து என் கை மரத்துப் போயிற்று. எனக்குக் கோபம். பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது, நாங்கள் இறங்கிய அதே பஸ் அங்கே சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க டீச்சர்" என்றேன் தாங்க முடியாமல். "பத்திரமாத்தான வந்து சேந்திருக்கு."

"சேரட்டும்னுதானத்தா நானும் நெனச்சேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அந்த பஸ் ஊர் வந்து சேர்ந்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. தான் சொன்னது நடந்துவிட வேண்டும் என்ற ஆசை, பயப்படுகிற எல்லோருக்கும் ஓரத்தில் இருக்கும். எனக்கு உண்டு. நடந்தால்தானே, பார்த்தீர்களா என்று கேட்க முடியும். அவரிடம் அது துளிகூட இல்லை.

இதை எங்கிருந்து கற்றார் என்று ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டேன். அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஊரிலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. இடி இடித்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சீசன் நேரத்தில், வானம் ஓரமாகக் கறுத்தால் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் அவர் அம்மா அப்படிப் பார்த்துவிட்டு, பாதி வேலையில் எழுந்து, பக்கத்தில் இருந்தவளின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாராம். போர்மேன் திட்டித் தீர்த்தாராம்.

"அப்புறம்?" என்றேன். ஈரத்துணி என் கையிலேயே இருந்தது.

"அப்புறம் என்ன? வீட்டுக்கு வந்து கொழம்பு வச்சுச்சு."

"இல்ல டீச்சர், அன்னிக்கு அங்க என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மழைகூடப் பெய்யல." சிரித்தார். "எங்கப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எங்கம்மாவும் கூடச் சேந்து சிரிக்கும். ஆனா அடுத்த தடவ கறுத்தா மறுபடி எந்திரிச்சு வந்துரும்."

இப்படிப்பட்டவர்தான் ஒரு மே மாதம் எங்களை இமயமலைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போகத் திட்டம் போட்டார். காலையில் ரயில்வே மைதானத்தில் அவரோடு நடக்கிற பெண்கள் சிலர் உண்டு. தையல்கடை பாண்டியம்மாள் அக்கா அதில் முக்கியமானவர். நடையைவிட அவர் வாய்தான் வேகம். "இந்தச் சுத்து சுத்துனதுக்கு நேரா நடந்திருந்தா காசிக்கே போயிருக்கலாம்" என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். உத்தரகாண்டில், பெரிய ஏற்றம் இல்லாத, ஆடு மேய்ப்பவர்கள் போகிற ஒரு பாதை. அந்த ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட வருவார். கூடாரமும் சாப்பாடும் நம் பொறுப்பு. அப்போதுதான் செலவு கட்டுப்படும்.

அத்தை, "நாலு வயசுப் புள்ளைய விட்டுட்டு மலையா?" என்றார். கணவர், "நீயா? மலைக்கா?" என்றார். டீச்சராவது வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். வற்புறுத்தினால் மறுத்துவிடலாம் என்றுகூட இருந்தேன்.

"பயமா இருந்தா வேணாம்த்தா. டிக்கெட் எடுத்தப்புறமும் வேணாம்னு சொல்லலாம். ஸ்டேஷன்ல வண்டி வந்து நின்னப்புறம்கூடச் சொல்லலாம். பொட்டிய நானே எறக்கித் தாரேன்."

கதவு அவ்வளவு அகலமாகத் திறந்து கிடந்ததால்தான், நான் உள்ளே போனேன்.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் என்று அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மலையில் ஆறு பேருக்கு வெந்நீரும் சோறும் அந்த ஒரு அடுப்பில்தான். அது வெடித்தால், கசிந்தால், கூடாரத்தில் பற்றினால், அது நான் தேர்ந்தெடுத்த அடுப்பு. தீக்காயம் என்றால் என்னவென்று எங்கள் ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் அந்த வார்டில் இருந்திருப்பார். நான் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

மலையேறுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் சின்ன கேஸ் குப்பிகள் சுலபம். ஆனால் ரயிலில் கொண்டுபோக முடியாது. போகிற ஊரில் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. சுள்ளி எரிக்கிற அடுப்பு விலை குறைவு. மழை பெய்தால் சுள்ளிக்கு எங்கே போவது? ஸ்பிரிட் அடுப்பில் ஆறு பேருக்கு உலை வைத்தால் விடிந்துவிடும். கடைசியில் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று எது கிடைத்தாலும் எரிகிற அடுப்பில் வந்து நின்றேன். அலுமினியப் பாட்டில், அதன் வாயில் காற்றடிக்கும் பம்ப், அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் மூன்று கால் வைத்த பர்னர். பாட்டிலைக் காலியாக ரயிலில் கொண்டுபோகலாம். போய் இறங்கிய ஊரில் பெட்ரோல் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

பேர்பெற்ற வெளிநாட்டு அடுப்பின் விலையைக் காட்டியதும் டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுக்கு ஒரு கறவமாட்ட ஓட்டிட்டுப் போயிரலாம். பாலாவது கெடைக்கும்."

எனவே விலை குறைந்தவை. அவற்றைப் பாராட்டி எழுதியவர்களை நான் படிக்கவில்லை. திட்டியவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். எவ்வளவு சீக்கிரம் தண்ணீர் கொதிக்கிறது என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்று ஒருவரும் எழுதவில்லை. டீச்சர் அதைத்தான் கேட்டார். கடைசியில் இரண்டு அடுப்புகளை வரவழைத்தோம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் நான் பலமுறை படித்தேன்.

மொட்டைமாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோதனை. பங்கில் பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டேன் என்றுவிட்டதால் டீச்சர் தன் ஸ்கூட்டியிலிருந்து குழாய் போட்டு எடுத்தார். எல்லோரும் பருத்திச் சேலையோ பருத்திச் சுடிதாரோதான் போட வேண்டும், போனைக் கீழேயே வைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. மாடிப்படிக் கதவை விரியத் திறந்து செங்கல்லை முட்டுக்கொடுத்தார். பிறகு இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து தரை முழுக்க ஊற்றி நனைத்தார். மூன்றாவது வாளியைப் பக்கத்தில் தயாராக வைத்தார். அவர் ஊரில் எதற்கும் முதலில் தண்ணீர்தான். பட்டாசுக் கழிவு மருந்தைத் தண்ணீரில் போடுவார்கள், பொறி பறந்தால் தண்ணீர், கையில் பட்டால் தண்ணீர்த் தொட்டி. அவர் பிறந்ததிலிருந்து பார்த்தது.

நான் மெதுவாகச் சொன்னேன். "டீச்சர், பெட்ரோலுக்குத் தண்ணி ஆகாதுன்னு படிச்ச மாதிரி இருக்கு. மணல்தான் வைக்கணுமாம். சரியாத் தெரியல."

"நல்லாத் தெரியுமா?"

"இல்ல... படிச்ச மாதிரி..."

"தண்ணிக்கு அடங்காத தீயா? ஏத்தா, நாரணாபுரத்துக்காரிகிட்டயா சொல்ற?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு சட்டி அள்ளிவர என்னை அனுப்பினார்.

இந்த அடுப்பை முதலில் சூடாக்க வேண்டும். பர்னருக்கு அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோலைக் கசியவிட்டு, அதைப் பற்றவைத்து, குழாய் சூடான பிறகு வால்வைத் திறக்க வேண்டும். முதல் அடுப்பில் கசியவிட்ட கொஞ்சம், கொஞ்சமாக இல்லை. கிண்ணம் வழிந்தது யாருக்கும் தெரியவில்லை. தரைதான் ஏற்கெனவே நனைந்திருந்ததே.

குச்சியை வைத்ததும் மஞ்சள் தீ எழும்பியது. அடுத்த கணம் அது தரையில் இறங்கி, தண்ணீரின் மேலேயே, வழுக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர் எங்கெல்லாம் ஓடியதோ அங்கெல்லாம் பின்னாலேயே போயிற்று. சத்தமே இல்லை. தண்ணீர் எரிவதைப் பார்ப்பதுபோல இருந்தது. பாண்டியம்மாள் அக்கா மூன்றாவது வாளியைத் தூக்கிவிட்டார்.

விசில்.

அக்கா வாளியோடு சிலையாக நின்றார். "வாளிய வை! எல்லாரும் கீழ!" டீச்சர் குனிந்து பாட்டிலின் வால்வை மூடினார். கொடியில் கிடந்த அவருடைய சேலை நுனியில் தீப்பிடிப்பதைப் பார்த்தார். அதைத் தொடப் போகவில்லை. எங்கள் பின்னாலேயே படியில் இறங்கிவிட்டார்.

தரையில் ஓடியது மெல்லிய படலம்தான். எரிந்து தானாகத் தீர்ந்துவிட்டது. ஆனால் பர்னரில் மட்டும், வால்வை மூடிய பிறகும், குழாயில் மிச்சமிருந்ததை உறிஞ்சிக்கொண்டு தீ நெடுநேரம் நின்றதை நாங்கள் படியிலிருந்து எட்டிப் பார்த்தோம். டீச்சர் தனியாக மேலே போய் மணலைக் கொட்டிவிட்டு வந்தார். முகம் வேர்த்திருந்தது.

விசில் சத்தம் கேட்டு அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்திருந்தார். பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். டீச்சர் என்னைக் காட்டி, தெருமுனைக்குக் கேட்கிற அதே குரலில் சொன்னார்.

"இவ சொன்னா. நான் கேக்கல. நல்லாத் தெரியுமான்னு கேட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. கொஞ்சம் தெரிஞ்சதே போதும்ல?"

அத்தை என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். தோற்றால் மூஞ்சியைத் தூக்குகிற அதே மனுஷிதான். இதில் மட்டும் அவருக்குத் தோல்வியே தெரியவில்லை.

அந்த அடுப்பு திரும்பிப் போயிற்று. அது அதிவேகமாகக் கொதிக்கவைப்பதாகப் பெயரெடுத்தது. இரண்டாவது அடுப்பை, காய்ந்த தரையில், மணல் பரப்பி, துளித் துளியாகக் கசியவிட்டுப் பற்றவைத்தோம். கொதிக்கவைப்பதில் கொஞ்சம் மந்தம். ஆனால் இதில் பர்னர் பக்கத்திலும் ஒரு வால்வு இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தால் குழாயில் இருந்த மிச்சமும் எரிந்து, வெறும் காற்று வந்து, ப்பூ என்று ஒரு சத்தத்தோடு அணைந்தது. டீச்சர் அதைத் திரும்பத் திரும்ப அணைத்துப் பார்த்தார். குழந்தையிடம் ஒரு சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிற முகம்.

"இதுதான்த்தா" என்றார். "ஒன் அடுப்பு."

ரயிலேறும் நாளில் நான் பெட்டியை இறக்கச் சொல்லவில்லை.

மலையைப் பற்றி எழுத எனக்கு வராது. அவ்வளவு பெரியதைப் பார்த்தால் வாய் அடைத்துவிடுகிறது. நாங்கள் மேல்முகாமுக்கு ஏறிய அன்று மத்தியானம் வரை வெயில். பிறகு மழை, மழைக்குள் பனிக்கட்டித் துகள். கூடாரத்தைப் போடுவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டோம். வழிகாட்டி, மேய்ப்பர்களின் குடிலில் இடம் இருக்குமா என்று பார்க்கக் கீழே போயிருந்தார். பாண்டியம்மாள் அக்காவின் உதடு கறுத்து, பல் தந்தியடித்தது. அவர் பேச்சு நின்றுபோனதுதான் எங்களுக்குப் பெரிய பயம். சூடாக ஏதாவது உள்ளே போக வேண்டும்.

ஒரு பாறை மறைவில் டீச்சர் கல் அடுக்கிக் காற்றைத் தடுத்தார். அடுப்பை வைத்தார். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன், அவர் பம்ப்பை அடித்தார். எல்லோரும் பாத்திரத்தோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத் தீப்பெட்டியை எடுத்தார். சாத்தூர்த் தீப்பெட்டி.

எனக்குப் பெட்ரோல் வாடை வந்தது.

வந்ததா? கையை மோந்து பார்த்தேன். காலையில் கேனிலிருந்து பாட்டிலை நிரப்பியது நான்தான், விரலில் பட்டிருக்கும். புல்லில் துடைத்துவிட்டு மறுபடி மோந்தேன். குளிரில் மூக்கு அடைத்திருந்தது. அடைத்த மூக்கை எப்படி நம்புவது? பம்ப்பின் கழுத்தைத் தடவினேன். ஈரம். மழை ஈரமா? வீட்டில் இல்லாத கேஸ் வாடை எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. "ஒன் மூக்குக்குன்னு தனியா ஒரு சிலிண்டர் வச்சிருக்கியா?" என்று கணவர் கேட்பார். எதிரில் பாண்டியம்மாள் அக்கா நடுங்கிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இன்னும் சற்று நேரத்தில் அவர் கையில் வெந்நீர் இருக்கும்.

டீச்சர் குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார்.

"டீச்சர்."

"என்னத்தா?"

"பம்ப்பு பக்கம் வாடை வர்ற மாதிரி இருக்கு. ஆனா தெரியல. காலைல கையில பட்டதாக்கூட இருக்கும்."

அவர் கேட்கப்போகும் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். எல்லோரும் கேட்கிற கேள்வி: 'நல்லாத் தெரியுமா?' 'இல்ல, பரவால்ல, பத்த வைங்க' என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது.

அவர் கேட்கவில்லை. குச்சியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பெட்டியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி இடுப்பில் செருகினார். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, காற்றைத் திறந்துவிட்டு, தள்ளிக் கொண்டுபோய் ஒரு பாறையின் பின்னால் வைத்தார்.

"இன்னிக்கு அடுப்பு இல்ல. அவல எடுங்க."

"டீச்சர், அவ தெரியலன்னுதான சொல்றா!" பல் தந்தியடித்த நிலையிலும் பாண்டியம்மாள் அக்காவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ஆமாக்கா. தெரியலங்குறா. வாங்க உள்ள."

மிச்சமிருந்த தண்ணீரில் அவலை நனைத்து, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தின்றோம். ஒரே கூடாரத்தில் ஆறு பேரும் அடைந்துகொண்டோம். அக்காவை நடுவில் போட்டு, ஈரத்துணியை மாற்றி, டீச்சர் அவருடைய பாதங்களைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துத் தேய்த்தார். "சின்ன வயசுல எங்கம்மாகூட எனக்கு இப்படித் தேய்ச்சதில்ல" என்று அக்கா முனகினார். "ஒங்கம்மா புத்திசாலி" என்றார் டீச்சர். கொஞ்ச நேரத்தில் அக்கா பஸ், ரயில், மலை, வழிகாட்டி என்று ஒவ்வொன்றாகத் திட்டத் தொடங்கினார். அப்போதுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது.

என் பயத்தைக் கேட்டுப் பலர் சிரித்திருக்கிறார்கள். சிலர் தேற்றியிருக்கிறார்கள், சிலர் எரிந்து விழுந்திருக்கிறார்கள். அதைக் கேட்டு, கையில் எடுத்த குச்சியை ஒருவர் கீழே வைத்தது அதுதான் முதல்முறை.

காலையில் வெயில் அடித்தது. மழையில் கீழேயே தங்கிவிட்ட வழிகாட்டி ஏறி வந்தார். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று சிகரங்கள். டீச்சர் அவற்றைப் பார்க்காமல், துண்டை விரித்து, பம்ப்பைக் கழற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். வாஷர் முழுசாக இருந்தது. விரிசல் இல்லை, கிழிசல் இல்லை. குளிரில் சற்றுச் சுருங்கியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறைந்து கட்டியாகியிருந்த தேங்காய் எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் உருக்கி, வாஷரில் தடவி, மாட்டினார். பற்றவைத்தார். நீலமாக எரிந்தது.

"நேத்தே எரிஞ்சிருக்கும்" என்றார் பாண்டியம்மாள் அக்கா. "இவ மூக்க நம்பி ராத்திரி பூரா வெறச்சுக் கெடந்தோம்."

நான் டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தேன்.

"எரிஞ்சிருக்கும்" என்றார் டீச்சர், மறுக்காமல். முதல் டம்ளர் டீயை அக்காவுக்குக் கொடுத்தார். இரண்டாவதை எனக்கு.

அன்று சாயங்காலம், சமைக்க உட்கார்ந்தபோது, அவர் தீப்பெட்டியை எடுக்கவில்லை. பாட்டிலைத் தூக்கி என் முகத்துக்கு நேராக நீட்டினார். "மோந்து பாரு" என்றார். நான் பார்த்தேன். தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் பெட்டி இடுப்பிலிருந்து வந்தது.

ஊர் திரும்பும்வரை ஒவ்வொரு வேளையும் அப்படியேதான். சில வேளை உடனே தலையசைத்துவிடுவேன். சில வேளை எனக்கு நேரம் பிடிக்கும். கையைத் துடைத்துவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி, மறுபடி மோந்து பார்ப்பேன். பின்னால் பசியோடு டம்ளர்கள் தட்டும் சத்தம் கேட்கும். டீச்சர் பாட்டிலை நீட்டிய கை தாழாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.